பெரட்டு

வெள்ளிக்கிழமை இரவு பாடாங் செராய்க்கு மேலே
இடி விழுந்தது.
ஆலையில் நாலு நிமிடம் கரண்ட் இல்லை.
பிறகு விளக்கு வந்தது, காற்றாடி வந்தது,
எடைமேடைக் கணினி தானே கண்விழித்து
தானே மணி பார்த்துக்கொண்டது.
மூன்று பேர் மட்டும் எழவில்லை.
யாரும் கேட்கவில்லை.

அந்த மூவரைக் கட்டியவன் நான்தான்.
மூல நிரலை இறக்கி, பொட்டலம் பிரித்து,
அரைநாள் கம்பைல் செய்தேன்.
திரையில் எழுத்து ஓட ஓட
வாங்கி வைத்த மீ கோரெங் ஆறிப்போனது.
உத்தரவு போடுபவன் ஒருவன்,
கோப்பை எடுத்துக் கொடுப்பவன் ஒருவன்,
கிடங்கில் வாங்கி வைப்பவன் ஒருவன்.
மேக் இன்ஸ்டால் என்று அடித்தேன். பிழை இல்லை.
கையால் எழுப்பினேன், எழுந்தார்கள்.
அன்றிரவே அறுபத்திரண்டு லாரிகளின் எடை
ஸ்டோர் அறை வட்டில் நகலாகிவிட்டது.
கையேட்டில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.
மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

இடி விழுந்த பன்னிரண்டாம் நாள் காலை
தவமலர் போன் செய்தாள்:
"வட்டு கரகரங்குது, அப்புறம் அதுவும் இல்ல லா."
பரவாயில்லை, நகல் இருக்கிறது என்றேன்.
எவ்வளவு நிம்மதியாகச் சொன்னேன் அதை.
நகல் வெள்ளிக்கிழமைச் சாயங்காலத்தோடு நின்றிருந்தது.

இங்கே இன்னும் விடியலில் பெரட்டு உண்டு.
மண்டோர் டார்ச் அடித்துப் பெயர் வாசிப்பார்,
ரஃபிகுல், ஜசீம், முனியம்மா, மறுபடியும் ஒரு ரஃபிகுல்.
ஆள் லயத்தில் இருக்கலாம்,
தோளில் கொக்கி அரிவாளோடு வரிசையிலேயே நிற்கலாம்.
புத்தகத்தில் ஏறாத பெயருக்கு
அன்று வேலை இல்லை.
நான் மூவருக்கும் வீடு கொடுத்திருந்தேன்,
புத்தகத்தில் எழுதவில்லை.

சன்னாசி லாரி சீட்டுக்கு அடியிலிருந்து
ஒரு மைலோ டின் எடுத்து வந்தார்.
பதினோரு நாள் ரோஸ் நிறச் சீட்டுகள்.
மற்ற டிரைவர்களும் கொண்டுவந்தார்கள்,
சிலர் சட்டைப் பையிலிருந்து, வியர்வையோடு.
தவமலர் மூன்று நாள் தட்டச்சு செய்தாள்,
என்னோடு ஒரு வார்த்தை பேசாமல்.
நாலு சீட்டில் மழை இறங்கி மை கரைந்திருந்தது.
அதில் ஒன்று பாக் ஹூசினுடைய சின்னத் தோட்டத்துக் குலைகள்.
மூன்று டன் இருநூற்று நாற்பது கிலோ என்றார்,
யோசித்து, இருநூற்றுப் பத்து என்று திருத்தினார்.
அதையே எழுதினோம்.

பிறகுதான் அந்த வரிக்கு வந்தேன்.
தொடக்கக் கோப்பு என்பது இருபது வரிகூட இல்லை.
காலியிடம் விட்ட படிவம் போல வருகிறது,
நிரல் எங்கே குடியிருக்கிறது என்று நிரப்ப வேண்டும்.
தரவுத்தளம் எழுந்த பிறகே இவன் எழ வேண்டும்
என்றும் ஒரு வரி.
ரூட்டாக நுழைந்து நகர்த்தி வைத்து
மூன்று பெயரையும் பதிவு செய்தேன்.

"அதெப்படி நம்புறது?" தவமலர் கேட்டாள்.
பதினெட்டு நாளில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.
மெயின் சுவிட்சை அணைத்தேன்.
ஆலைச் சத்தம் தூரத்தில் கேட்டது.
போட்டேன்.
இரண்டு பேர் எழுந்தார்கள்.
மூன்றாமவனை வேறு வீட்டில் தேடியிருக்கிறது கணினி.
நான் குடிவைத்த அடைவு ஒன்று,
படிவத்தில் எழுதியது இன்னொன்று.
திருத்தினேன். அணைத்தேன். போட்டேன்.
பச்சை, பச்சை,
கொஞ்சம் தாமதித்துப் பச்சை.

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
கைப்பையைத் தோளில் மாட்டியவள்
கதவுவரை போய்த் திரும்பி வந்தாள்.
"இன்னொரு தடவை," என்றாள்.
நான் எழுவதற்குள்
அவளே சுவிட்சை அணைத்துவிட்டாள்.